தலைவலியை ஏன் கடைசி வரியில் எழுதினீர்கள்?

கேள்வி: அக்கா, எனக்கு வயது 26. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் அம்மாவோடு இருக்கிறேன். செம்பனை எண்ணெய் ஆலையில் ஷிப்டு வேலை. ஏழு வருடமாக எம்எம்ஏ (குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டை விளையாட்டு) பயிற்சி செய்கிறேன். ஒன்பது சண்டை போட்டு எட்டில் ஜெயித்தேன். ஒன்பதாவது போன மாதம், 70 கிலோ பிரிவில் பெல்ட்டுக்கான, அதாவது சாம்பியன் பட்டத்துக்கான சண்டை. எதிரே நின்றவர் நான்கு வருடமாக யாரிடமும் தோற்காதவர். என் சாதாரண எடையே 71 கிலோதான், அவரோ போட்டிக்கு எடை பார்த்தபின் தண்ணீரும் சாப்பாடும் ஏற்றி மறுநாள் 78 இருந்ததாகச் சொன்னார்கள். இரண்டு ரவுண்டில் ஐந்து தடவை தூக்கிக் கீழே போட்டார். மூன்றாவதில் மேலே உட்கார்ந்து அடித்தார், நடுவர் நிறுத்திவிட்டார். கடைசி அரை நிமிடம் எனக்கு ஞாபகமே இல்லை. கோச் ஆறு மாதத்தில் அவரோடு மறுபடி மோதலாம், வேலையை விட்டுவிட்டு வா என்கிறார். அம்மா 'போதும்டா' என்று ஒரு வார்த்தை சொன்னதோடு சரி, பேச்சே குறைந்துவிட்டது. ஒட்டுக்கடையில் உட்கார்ந்தால் கேலி. சனிக்கிழமைகளில் பொது மண்டபத்தில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவந்தேன், முகம் காட்ட முடியாமல் அதையும் நிறுத்திவிட்டேன். தொடரலாமா, விட்டுவிடலாமா? கொஞ்சம் தலைவலி இருக்கிறது, ஆலையில் விளக்கு வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது, பனடோல் போட்டுச் சமாளிக்கிறேன்.
- பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

பதில்: தம்பி, பெல்ட், கோச், கேலி எல்லாவற்றையும் விலாவாரியாக எழுதிவிட்டு, தலைவலியைக் கடைசியில், போகிற போக்கில், கடையில் பாக்கி சில்லறை கேட்பதுபோல் எழுதியிருக்கிறீர்கள். நான் அதிலிருந்துதான் ஆரம்பிக்கப் போகிறேன்.

சண்டை முடிந்து ஒரு மாதம் ஆகிறது. இன்னும் தலை வலிக்கிறது, வெளிச்சம் கூசுகிறது, அரை நிமிடம் ஞாபகத்திலேயே இல்லை. மூளை குலுங்கியதற்கான அடையாளங்கள் இவை, பனடோலால் தீர்கிற விஷயம் இல்லை. பெரிய போட்டிகள் நடக்கிற பல நாடுகளில், நாக் அவுட் ஆனவரை ஒரு மாதமோ இரண்டு மாதமோ அதற்கும் மேலோ சண்டை நடக்கிற கம்பிக் கூண்டுக்குள் விடமாட்டார்கள், ஸ்பாரிங்கும் (பயிற்சிக்காக ஒருவரோடு ஒருவர் மோதுவது) கூடாது என்பார்கள். காரணம் இருக்கிறது. முதல் அடி ஆறுவதற்குள் தலையில் இன்னொரு அடி விழுந்தால், அது லேசான அடியாக இருந்தாலும், மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அரிதுதான், ஆனால் நடந்திருக்கிறது.

இதை நான் புத்தகத்தில் படித்து மட்டும் சொல்லவில்லை. என் அண்ணன் தோட்டத்து டீமில் பந்து விளையாடியவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை தலையால் பந்தை முட்டப்போய் இன்னொருவர் தலையோடு மோதினார். வாந்தி எடுத்ததை அம்மாவிடம் மறைத்தார், என்னையும் மறைக்கச் சொன்னார், அடுத்த ஞாயிறு அரையிறுதி என்பதால் நானும் வாயைத் திறக்கவில்லை. அரையிறுதியில் மறுபடி மோதி, பதினோரு நாள் வார்டில் கிடந்தார். இன்றுவரை டியூப் லைட் போட்டால் எழுந்து போய்விடுவார். அப்போது எனக்குப் பதினான்கு வயது, சொல்லியிருக்கலாமே என்று இன்னும் நினைத்துக்கொள்கிறேன், அதனால்தான் உங்களிடம் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நாளைக்கே அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்) கட்டணம். விழுந்தேன், இடித்துக்கொண்டேன் என்று கதை சொல்லாமல், கூண்டுக்குள் அடி வாங்கினேன், அரை நிமிடம் ஞாபகம் இல்லை என்று அப்படியே சொல்லுங்கள். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தால் வாங்கிக்கொண்டு போங்கள். ஆலை வேலைக்கு எம்சி (மருத்துவ விடுப்புச் சீட்டு) வேண்டும் என்று கேளுங்கள். பாய்லரும் நீராவியும் ஓடுகிற இடத்தில், படியும் மேடையுமாக இருக்கிற இடத்தில், ராத்திரி ஷிப்டில் தலை சுற்றினால் என்ன ஆகும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வலி கூடினாலோ, வாந்தி வந்தாலோ, பேச்சு குழறினாலோ, கை கால் மரத்தாலோ கிளினிக் வேண்டாம், நேரே அவசரப் பிரிவு. டாக்டர் சரி என்று சொல்லும்வரை ஸ்பாரிங் கிடையாது, 'மெதுவாகத்தான் போடுவோம்' என்று யார் சொன்னாலும் கிடையாது.

சரி, இப்போது சண்டைக்கு வருவோம்.

ஆறு மாதத்தில் அவரோடு மறுபடி மோத வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். கோச் மேல் எனக்குக் கோபம் இல்லை, ஏழு வருடம் உங்களை வளர்த்தவர், அவருக்கும் வலிக்கிறது, அந்த வலியில்தான் பேசுகிறார். ஆனால் ஐந்து தடவை கீழே போட்ட ஒருவரை ஆறு மாதத்தில் போட முடியாதபடி செய்வதற்கு வெறி மட்டும் போதாது. நீங்கள் தோற்றது மூச்சு வாங்கியதால் இல்லை, பயந்ததாலும் இல்லை. கீழே போடுவதைத் தடுக்கவும் போட்டபின் எழுந்து வரவும் தெரியாததால் தோற்றீர்கள். அது கற்றுக்கொள்ளக்கூடிய வேலை, ஆனால் மாதக் கணக்கில் பாயில் புரள வேண்டிய வேலை, முதல் இரண்டு மாதம் உங்கள் தலைக்கே போய்விடும், கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நம் ஊர் ஆளையே பாருங்கள். கோலாலம்பூர் செந்தூலிலிருந்து வந்த எம்எம்ஏ வீரர் அகிலன் தானி, 2017 மே மாதம் சிங்கப்பூரில் ஒன் சாம்பியன்ஷிப் என்ற ஆசியப் போட்டி அமைப்பின் பெல்ட்டுக்காக பென் ஆஸ்க்ரனோடு மோதினார். ஆஸ்க்ரன் அமெரிக்காவுக்காக 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் மல்யுத்தம் செய்தவர், அதுவரை யாரிடமும் தோற்காதவர். முதல் ரவுண்டிலேயே கழுத்துப் பிடியில் அகிலன் தோற்றார். நம்மில் எத்தனை பேருக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை! அகிலன் அதோடு கையுறையைக் கழற்றி வைக்கவில்லை, ஆஸ்க்ரன் பின்னாலேயே ஓடவும் இல்லை. மற்றவர்களோடு சண்டை போட்டார், சிலவற்றில் தோற்றார், சிலவற்றில் ஜெயித்தார். 2019 ஜூனில் ஷாங்காயில் ஜப்பானின் யோஷிஹிரோ அகியாமாவை, அத்தனை அனுபவமுள்ள ஆளை, மூன்று நடுவர்களும் ஒருமித்துச் சொல்லும்படி ஜெயித்தார். அதற்கு அடுத்த மாதம் அந்த ஆஸ்க்ரனும் ஐந்தே வினாடியில் நாக் அவுட் ஆனார், யுஎஃப்சி என்ற அமெரிக்கப் போட்டி அமைப்பில், ஹோர்ஹே மாஸ்விடாலின் முழங்காலில். உங்களை ஜெயித்தவரையும் ஒருநாள் யாரோ ஜெயிப்பார்கள், அது நீங்களாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்ட இன்னொன்று எடை. 71 கிலோ ஆள் 78 கிலோ ஆளைத் தோளில் தாங்கிக்கொண்டு மூன்று ரவுண்டு நின்றிருக்கிறீர்கள். அமெரிக்க எம்எம்ஏ வீரர் டிமிட்ரியஸ் ஜான்சன் கதை தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். 160 சென்டிமீட்டர்தான் உயரம், கிடங்கில் முழுநேர வேலை பார்த்துக்கொண்டே பயிற்சி செய்தவர். 2011 அக்டோபரில் 61 கிலோ பிரிவில் டொமினிக் குரூஸிடம் ஐந்து ரவுண்டும் போராடித் தோற்றார். அடுத்த வருடம் 57 கிலோ பிரிவுக்கு இறங்கி, அந்தப் பிரிவின் முதல் யுஎஃப்சி சாம்பியன் ஆகி, அதன்பின் தொடர்ந்து 11 தடவை பெல்ட்டைக் காப்பாற்றினார். உங்களுக்கு 65.8 கிலோ பிரிவு சரிப்படுமா என்று கோச்சிடம் கேளுங்கள். ஆனால் மூன்று நாள் தண்ணீர் குடிக்காமல், வெயிலில் பிளாஸ்டிக் உடை போட்டு ஓடி இறக்குகிற எடை இல்லை நான் சொல்வது. 2015 டிசம்பரில் யாங் ஜியான் பிங் என்ற சீன வீரர் எடை குறைக்கும்போதே இறந்துபோனார், அதற்குப் பிறகுதான் ஒன் சாம்பியன்ஷிப் உடம்பில் நீர்ச்சத்து இருக்கிறதா என்று சோதிக்கும் முறையைக் கொண்டுவந்தது. ஆறேழு மாதத்தில் சாப்பாட்டை ஒழுங்குபடுத்தி மெல்ல இறக்குவதாக இருந்தால் சரி, உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

ஜெயித்தவர்கள் கதை மட்டும் சொன்னால் நான் உங்களை ஏமாற்றுகிறேன். அந்த முதல் பெல்ட்டுக்காக 2012இல் ஜான்சனோடு மோதியவர் ஜோசப் பெனவிடெஸ். மயிரிழையில் தோற்றார், மூன்று நடுவர்களில் ஒருவர் அவர் பக்கம் இருந்தார். மற்றவர்களை ஜெயித்து ஜெயித்து 2013 டிசம்பரில் மறுபடி ஜான்சன் முன்னால் வந்து நின்றார், முதல் ரவுண்டிலேயே நாக் அவுட். இன்னும் பல வருடம் ஆடினார், மற்றவர்கள் பயப்படுகிற வீரராகவே இருந்தார், ஆனால் யுஎஃப்சி பெல்ட் அவர் இடுப்புக்கு வரவே இல்லை. உங்களுக்கும் அப்படி ஆகலாம். அப்படி ஆனாலும் காலையில் எழுந்து ஜிம்முக்குப் போகப் பிடிக்குமா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். பிடிக்கும் என்று வந்தால் தொடருங்கள். அந்த ஒருவரை ஜெயித்தால்தான் எல்லாம் என்று வந்தால், இப்போதே நிறுத்துவது நல்லது, அதை ஒரு அவமானமாக நான் பார்க்கமாட்டேன்.

வேலையை விடாதீர்கள். ஜான்சனும் குரூஸிடம் தோற்றபின் கிடங்கு வேலையை விட்டார்தான், ஆனால் அவர் கையில் யுஎஃப்சி ஒப்பந்தம் இருந்தது. உங்கள் கையில் என்ன இருக்கிறது? நம் ஊரில் ஒரு சண்டைக்குக் கிடைக்கிற பணத்தில் பயிற்சிச் செலவும் சாப்பாடும் பெட்ரோலும் போக என்ன மிஞ்சியது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஆலையில் மாதா மாதம் முதலாளி உங்கள் சேமநிதியில் 13 விழுக்காடு போடுகிறார், ஜிம் போடாது. பகல் ஷிப்டுக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள், தூக்கம் இருந்தால்தான் உடம்பும் தலையும் ஆறும். உடம்பு தேறியபின் வாரம் ஒருநாளாவது ஈப்போவுக்குப் போய் மல்யுத்தமோ ஜூடோவோ நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் கற்றுக்கொள்ளுங்கள், கோச்சிடம் சொல்லிவிட்டே போங்கள், நல்ல கோச் இதற்குக் கோபப்படமாட்டார். அப்புறம் ஒன்றிரண்டு சண்டை, வேறு ஆட்களோடு. கீழே போடுவதைத் தடுக்க முடிகிறதா என்று அங்கே தெரிந்துவிடும்.

ஒட்டுக்கடைக் கேலியைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. கேலி செய்கிறவர்களில் ஒருவர்கூட அந்தக் கூண்டுக் கதவுக்குள் போய் நின்றதில்லை.

பிள்ளைகள் விஷயம்தான் எனக்கு மனசு கேட்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் அந்த மண்டபம் பூட்டிக் கிடந்தால் பிள்ளைகள் எங்கே போவார்கள், யார் மோட்டார் பின்னால் ஏறுவார்கள் என்று நம் தோட்டத்து ஆட்களுக்குத் தெரியாதா? உங்களுக்கு முன் தலைமுறையில் சிலம்பம் சொல்லிக்கொடுத்த ஆசான்கள் எல்லாரும் எல்லாப் போட்டியிலும் ஜெயித்தவர்களா என்ன? நடக்கத் தெம்பு இருந்தால் இந்தச் சனிக்கிழமை போய்க் கதவைத் திறங்கள். நீங்கள் ஆட வேண்டாம், ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். ஏன் தோற்றீர்கள் என்று ஏதாவது ஒரு வாண்டு கேட்கும், கீழே போட்டால் எழுந்து வர எனக்குச் சரியாகத் தெரியவில்லை, இப்போது கற்றுக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள்.

அம்மா பேசாமல் இருப்பது கோபத்தால் என்று நினைக்கிறீர்களா? ஒரே வீட்டில் இருக்கிறார், நீங்கள் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் உட்காருவதையும், பனடோல் அட்டை காலியாவதையும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். நீங்களாகச் சொல்வீர்கள் என்று காத்திருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இன்றைக்கு ராத்திரி சொல்லிவிடுங்கள், நாளைக்குக் கிளினிக்குக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள் தம்பி, இந்த முறை முதல் வரியிலேயே.