ரஸ்ட் நூலகத்தைக் குழு ஏற்காதது பற்றி

ஒவ்வொரு தொகுதியின் ஆவணப் பக்கத்திலும் முதலாவதாக, ரஸ்ட் நிரல்மொழியின் இயல்பில் எழுதிய ஒரு முழு எடுத்துக்காட்டை வையுங்கள். உங்கள் ரஸ்ட் நூலகத்தில் (பிற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல்தொகுப்பில்) செயற்கூறு விளக்கங்கள் முழுமையாக இருந்தும், மலேசியாவின் பாயான் லெப்பாசில் உள்ள உங்கள் குழுவினர் எங்கும் 'அன்ராப்' (unwrap, பிழை வந்தால் நிரலையே நிறுத்திவிடும் அழைப்பு) எழுதி, நிரல் பாதியில் நின்றதும் பைத்தான் மொழிக்கே திரும்புகிறார்கள், ஏன் என்று கேட்டிருந்தீர்கள்.

உங்கள் எடுத்துக்காட்டுகளிலேயே 'அன்ராப்' இருப்பது காரணமாக இருக்கலாம். புதியவர்கள் விளக்கத்தைப் படிக்கும் முன்பே நிரல்துண்டை நகலெடுக்கிறார்கள். அதிலுள்ள பழக்கம் அவர்களுக்கும் வந்துவிடுகிறது. ரஸ்ட்டின் நூலக வழிகாட்டுதல்களும் எடுத்துக்காட்டுகளில் 'அன்ராப்' வேண்டாம், பிழையை அழைத்த இடத்துக்கே திருப்பி அனுப்பும் கேள்விக்குறி (?) இயக்கியையே பரிந்துரைக்கின்றன. அதற்கு எடுத்துக்காட்டைச் சுற்றி எழுத வேண்டிய துணைவரிகளை, தொடக்கத்தில் '#' இட்டு வாசகர் கண்ணில் படாமல் மறைக்கலாம்.

நூலகத்தை அறியாத ஒருவரிடம் ஆவணத்தை மட்டும் கொடுத்து, ஒரு சிறு அளவீட்டுக் கோப்பைப் படிக்கும் நிரலை எழுதச் சொல்லி, அவர் எந்தப் பக்கத்திலிருந்து நகலெடுக்கிறார் என்று கவனியுங்கள். பிறகு ரஸ்ட்டின் சோதனைக் கட்டளையான 'கார்கோ டெஸ்ட்'டை (cargo test) இயக்குங்கள்; ஆவணக் குறிப்புகளிலுள்ள நிரல்துண்டுகளையும் அது இயக்கிப் பார்ப்பதால், பழையதாகிப்போனவை பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும்.

இந்த ஆவணச் சோதனை நூலகத் தொகுப்புகளுக்கு மட்டுமே நடக்கும். மேலும், பிழையின்றி இயங்கும் எடுத்துக்காட்டு நல்ல நடையில் இருக்கிறதா என்பதை அது சொல்லாது. ரஸ்ட்டில் தேர்ந்த ஒருவர் அதைப் படித்துப் பார்த்தே ஆக வேண்டும்.