களேபரம்னா என்ன அர்த்தம், அந்த வார்த்தை எங்கேர்ந்து வந்துச்சு?

இப்போ நாம பேசுற அர்த்தம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், ஒரே கூச்சல், குழப்பம், யாரு யாரைக் கூப்பிடுறாங்கன்னே புரியாது. ஆனா பழைய தமிழ் அகராதியைப் புரட்டினீங்கன்னா உடம்பு, பிணம்னு போட்டிருக்கும். சமஸ்கிருதத்துலேர்ந்து வந்த சொல், அங்க களேபரம், களேவரம்னு ரெண்டு மாதிரியும் உண்டு, ரெண்டும் உடம்புதான்.

அக்கம்பக்கத்து பாஷைக்காரங்க இன்னும் அந்த அர்த்தத்தை விடல. தெலுங்குலயும் கன்னடத்துலயும் செத்த உடம்புக்கு, அதுவும் மிருகத்தோட உடம்புக்கு, பேப்பர்ல இந்த வார்த்தையைத்தான் போடுவாங்க. பெங்களூர்ல என் ரூம்மேட் ஒருத்தன் அப்பதான் கன்னடம் எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பிச்சிருந்தான், "ஆனெ களேபர பத்தெ"ன்னு ஒரு தலைப்பைப் படிச்சிட்டு, யானை எந்த ஊருக்குள்ள பூந்துச்சாம்டான்னு கேக்குறான், அது பாவம் காட்டுல செத்துக் கிடந்த யானை.

பூரி ஜெகந்நாதர் கோயில்ல நவகளேபரம்னு ஒரு சடங்கு இருக்கு, புது உடம்புன்னு அர்த்தம். ஆஷாட மாசம் ரெண்டு தடவை வர்ற வருஷமா பாத்து பழைய மர விக்கிரகங்களை மாத்திட்டு வேப்பமரத்துல புதுசா செஞ்சு வைப்பாங்க, 1996ல நடந்துச்சு, அப்புறம் 2015ல. அந்த 2015 தடவை, ராத்திரியோட ரகசியமா முடியவேண்டிய பிரம்ம மாற்றம் (பழைய விக்கிரகத்துக்குள்ள இருக்கிற புனிதப் பொருளை எடுத்து புதுசுல வைக்கிறது) விடிஞ்சும் முடியாம இழுத்து, ஒடிசா பூரா பெரிய சர்ச்சையாகி, நம்ம தமிழ் அர்த்தத்துலயும் களேபரம் ஆயிடுச்சு!

சரி, உடம்பு எப்படி கூச்சலாச்சு? போர்க்களத்துல பிணம் குவிஞ்சு கிடந்ததுலேர்ந்து வந்துச்சுன்னு சொல்றவங்க உண்டு, எனக்கென்னவோ அது வார்த்தைக்கு ஏத்த மாதிரி கட்டின கதையா படுது. பக்கத்துலயே கலவரம்னு ஒரு சொல் இருக்கே, களேவரம் கலவரம்னு சொல்லிப் பாருங்க, காதுல ரெண்டும் ஒட்டிக்கும், அதுல ஒண்ணோட அர்த்தம் இன்னொண்ணுக்கு ஏறியிருக்கும்ங்கிறது என் கணிப்பு.

ஆனாலும் ரெண்டும் ஒண்ணில்ல. கடையை நொறுக்கி போலீஸ் வந்தா கலவரம். சட்டசபையில கத்தினா அமளி (பழைய இலக்கியத்துல அமளின்னா படுக்கை, அது தனிக் கூத்து). குடிச்சிட்டு ஒருத்தனே தெருவுல ரகளை பண்ணலாம், களேபரத்துக்குக் கூட்டம் வேணும், அடிதடி வேணாம். முகூர்த்தத்துக்கு பத்து நிமிஷம் இருக்கும்போது தாலி வெச்ச தட்டைக் காணோம்னா போதும், ஐயர் ஒரு பக்கம் கத்த, மேளக்காரர் எப்போ கெட்டிமேளம்னு முழிக்க, பொண்ணோட சித்தி இருக்கிற பையெல்லாம் கவுத்துக் கொட்ட, மாமா யாரையோ போன்ல திட்ட, அதான் களேபரம்.