மூன்று தளங்களில் மூன்று எச்-இன்டெக்ஸ்: விண்ணப்பத்தில் எதை எழுதுவது?

கேள்வி: உயிர்மருத்துவத் துறையில் 26 கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறேன். என் எச்-இன்டெக்ஸ் கூகுள் ஸ்காலரில் 14, ஸ்கோப்பஸில் 11, வெப் ஆஃப் சயின்ஸில் 9. பதவி உயர்வு விண்ணப்பத்தில் எதைப் போடுவது?

பதில்: எச்-இன்டெக்ஸ் 14 என்றால், பிற கட்டுரைகளில் குறைந்தது 14 முறை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் 14 உங்களிடம் இருக்கின்றன என்று பொருள். இந்த மேற்கோள்களை எண்ணித் தரும் தளங்களே நீங்கள் சொல்லும் மூன்றும். விண்ணப்பப் படிவம் ஒரு தளத்தின் பெயரைக் கேட்டிருந்தால் அதைத்தான் போட வேண்டும். கேட்கவில்லையென்றால் ஸ்கோப்பஸ் எண்ணை முதலில் எழுதி, ஸ்காலர் எண்ணைப் பக்கத்தில் கொடுங்கள். ஆனால் அதற்கு முன் கணக்கைச் சுத்தம் செய்தாக வேண்டும். இப்போது தெரியும் மூன்று எண்களில் ஒன்றுகூட உங்களுடைய உண்மையான எண்ணாக இல்லாமல் போகலாம்.

எண்கள் ஏன் வேறுபடுகின்றன? ஸ்காலர் ஆய்வேடு, முன்பதிப்பு (இதழில் வருவதற்கு முன் வலையில் ஏற்றும் வடிவம்), மாநாட்டுச் சுருக்கம் என்று வலையில் கிடைப்பதையெல்லாம் அள்ளும். ஸ்கோப்பஸ் தான் தேர்ந்தெடுத்த இதழ்களையும் நூல்களையும் மாநாட்டுத் தொகுப்புகளையும் மட்டும் எண்ணும். வெப் ஆஃப் சயின்ஸில் இன்னொரு சிக்கல் உண்டு: உங்கள் நிறுவனம் எந்தெந்தத் தொகுப்புகளுக்கும் ஆண்டுகளுக்கும் சந்தா கட்டியிருக்கிறதோ அவை மட்டுமே கணக்கில் வரும். அதே ஆய்வாளரின் எண், வேறு நிறுவனத்துக் கணினியிலிருந்து தேடினால் மாறக்கூடும்.

எச்-இன்டெக்ஸ் 2005-இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த அளவு. அதைக் கையாலேயே போட்டுப் பார்த்தால்தான் பிழை எங்கே என்று பிடிபடும். கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கையின்படி இறங்குவரிசையில் அடுக்குங்கள்: 48, 31, 17, 12, 9, 7, 6, 3. ஆறாவது கட்டுரைக்கு 7 மேற்கோள். ஏழாவதற்கு 6 மட்டுமே. ஆகவே எச் 6. முதல் கட்டுரைக்கு இன்னும் நூறு மேற்கோள் வந்தாலும் 6-தான். ஏழாவதற்கு ஒன்றே ஒன்று கூடினால் 7 ஆகிவிடும். பிழைகளைத் திருத்தும்போது இந்த எல்லையில் நிற்கும் நான்கைந்து கட்டுரைகளையே முதலில் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

ஸ்காலரில் வழக்கமான கோளாறு இரண்டு. ஒரே கட்டுரையின் முன்பதிப்பும் இதழ் வடிவமும் இரண்டு பதிவுகளாகப் பிரிந்து, மேற்கோள்களையும் பங்குபோட்டுக்கொள்ளும். இரண்டையும் தேர்ந்தெடுத்து இணைத்துவிடுங்கள். மற்றொன்று இதைவிட ஆபத்தானது: அதே குடும்பப்பெயரும் முன்னெழுத்தும் கொண்ட வேறொருவரின் கட்டுரை தானாகவே உங்கள் பக்கத்தில் ஏறிவிடும். தானியங்கிச் சேர்க்கையை நிறுத்தி, ஒப்புதலுக்குப் பிறகே சேரும்படி அமைப்பை மாற்றுங்கள். அடுத்தவர் கட்டுரையால் எண் ஏறியிருப்பதைத் தேர்வுக்குழு கண்டுபிடித்தால், அது இயந்திரத்தின் தவறு என்ற விளக்கம் எடுபடாது.

ஸ்கோப்பஸில் சிக்கல் நேர்மாறானது. பெயரை ஒரு கட்டுரையில் முழுமையாகவும் மற்றொன்றில் முன்னெழுத்தோடும் எழுதியிருந்தாலோ, இடையில் நிறுவனம் மாறியிருந்தாலோ, உங்களுக்கு இரண்டு மூன்று ஆசிரியர் பக்கங்கள் உருவாகியிருக்கும். எல்லா வடிவங்களிலும் தேடி, இணைக்கச் சொல்லி விண்ணப்பியுங்கள். திருத்தம் ஏற வாரக்கணக்கில் ஆகலாம். கடைசித் தேதிக்கு முந்தின நாள் தொடங்கிப் பயனில்லை. இனி அனுப்பும் எல்லாக் கட்டுரைகளிலும் ஒரே பெயர் வடிவத்தையும் ஆய்வாளருக்கென்று தரப்படும் 16 இலக்க ஆர்கிட் (ORCID) எண்ணையும் கொடுத்தால் இந்தத் தலைவலி பெருமளவு குறையும். ஆர்கிட் மேற்கோள்களை எண்ணாது. அது அடையாளம் மட்டுமே. மருத்துவக் கட்டுரைகளின் தேடுதளமான பப்மெட்டும் கட்டுரைப் பட்டியலைச் சரிபார்க்கத்தான், மேற்கோள் எண்ண அல்ல.

விண்ணப்பத்தில் எண்ணை மட்டும் மொட்டையாக எழுதாதீர்கள். "எச்-இன்டெக்ஸ் 11, ஸ்கோப்பஸ்", அதோடு பார்த்த தேதி, சுயமேற்கோள் (உங்கள் கட்டுரையை நீங்களே மேற்கோள் காட்டியது) நீக்கிய எண். சுயமேற்கோளை நீக்கிப் பார்க்கும் வசதி ஸ்கோப்பஸிலேயே இருக்கிறது. நீக்கிய பிறகு எண் ஒன்றிரண்டு இறங்குவது இயல்பே. பாதியாகிவிட்டால் குழு கேள்வி கேட்கும், பதிலோடு போங்கள்.

இதழின் இம்பாக்ட் ஃபேக்டரை உங்கள் சாதனையாகக் காட்ட வேண்டாம். முந்தைய இரண்டு ஆண்டுகளில் ஓர் இதழ் வெளியிட்டவற்றுக்கு இந்த ஆண்டு கிடைத்த மேற்கோள்களின் சராசரி அது. ஒரு சில கட்டுரைகளே அதைத் தூக்கி நிறுத்தியிருக்கும். உங்கள் கட்டுரை அவற்றில் ஒன்றா என்று அது சொல்லாது. அந்த இடத்தில், அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் இலவசத் தளமான ஐசைட்டில் கட்டுரையின் பப்மெட் எண்ணை இட்டு, ஒப்பீட்டு மேற்கோள் விகிதத்தைப் பாருங்கள். துறையையும் வெளியான ஆண்டையும் கணக்கில் எடுக்கும் அளவு அது. அந்த நிறுவனங்களின் நிதியில் வந்த கட்டுரைகளின் நடுமதிப்பு 1.0, உங்களுடையது 2.0 என்றால் அதைப்போல் இரு மடங்கு.

26 கட்டுரைகளில் பிறர் ஆய்வுகளைத் தொகுத்து அலசும் மீளாய்வுக் கட்டுரைகள் எத்தனை, நூற்றுக்கணக்கானோர் ஆசிரியர்களாக உள்ள கூட்டமைப்புக் கட்டுரைகள் எத்தனை என்பதையும் பிரித்துக் காட்டுங்கள். இந்த இரண்டு வகைக்கும் மேற்கோள் கொட்டும், குழுவில் இருப்பவர்களுக்கும் அது தெரியும். முதல் ஆசிரியராகவோ தொடர்பு ஆசிரியராகவோ இருந்த ஐந்து கட்டுரைகளைத் தனியே எடுத்து, ஒவ்வொன்றிலும் நீங்கள் செய்தது சோதனையா, புள்ளியியல் ஆய்வா, எழுத்தா என்று ஒரு வரி எழுதுங்கள். எச் 9-ஆ 11-ஆ என்பதைவிட அந்த ஐந்து வரிகளில்தான் நேர்காணலில் கேள்விகள் வரும்.