வேதாகமம் ஓரிடத்தில் ‘சும்மாயிருங்கள்’ என்கிறது, இன்னோரிடத்தில் ‘பிரயாசப்படுங்கள்’ என்கிறது. எதைப் பின்பற்றுவது?

நீங்கள் காட்டியிருக்கும் வசனங்கள் இவை: “கர்த்தர் உங்களுக்காக யுத்தம்பண்ணுவார், நீங்கள் சும்மாயிருப்பீர்கள்” (யாத்திராகமம் 14:14), “உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள்” (பிலிப்பியர் 2:12). இரண்டையும் அடுத்த வசனத்தோடு சேர்த்துப் படித்தாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

எகிப்தியப் படை பின்னால் துரத்த, கடல் முன்னால் மறிக்க, மோசே இஸ்ரவேல் ஜனங்களிடம் ‘சும்மாயிருங்கள்’ என்று சொல்லி முடித்த கையோடு 14:15-இல் கர்த்தர், ‘என்னிடத்தில் முறையிடுவானேன், ஜனங்களைப் புறப்படச் சொல்’ என்கிறார். கடலைப் பிளப்பது அவர்கள் வேலையில்லை. பிளந்த கடலுக்குள் இறங்கி நடப்பது அவர்கள் வேலை. மூன்று அதிகாரம் தள்ளி அமலேக்கியர் என்ற பகைவர்கள் யுத்தத்துக்கு வரும்போது முறையே மாறிவிடுகிறது. யோசுவா ஆட்களைத் தெரிந்தெடுத்துப் பட்டயத்தோடு இறங்குகிறான். மலைமேல் மோசேயின் கைகள் தளர்ந்துவிடாதபடி ஆரோனும் ஊர் என்பவனும் சூரியன் அஸ்தமிக்கும்வரை தாங்கிப் பிடிக்கிறார்கள். ஜனங்கள் அதே ஜனங்கள்தான், தேவனும் அதே தேவன்தான். ஆகவே ஒரு சம்பவத்தை எடுத்து ‘எப்போதும் இப்படித்தான்’ என்று விதி எழுதக் கூடாது. இந்த இடத்தில், இவர்களுக்கு என்ன கட்டளை கொடுக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும்.

இதைப் புரிந்துகொள்ள எனக்குத் தெரிந்து அப்போஸ்தலர் 27-ஐவிட நல்ல அதிகாரம் இல்லை. பவுல் கைதியாக ரோமாபுரிக்குப் போகிற கப்பல் யூரோக்கிலிதோன் என்னும் கடும் புயற்காற்றில் சிக்குகிறது. கப்பல் போகும், உயிர் ஒன்றும் போகாது என்று தேவதூதன் சொன்னதைப் பவுல் எல்லோருக்கும் அறிவித்துவிடுகிறான். வாக்குத்தத்தம் வந்தாயிற்று, இனி யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்றுதானே தோன்றும்? பதினாலாம் இரவில் ஆழம் பார்க்கிறார்கள்: 20 பாகம் (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறடி), சற்று தள்ளி 15 பாகம். பாறையில் மோதாதபடி பின்னணியத்திலிருந்து, அதாவது கப்பலின் பின்புறத்திலிருந்து, 4 நங்கூரம் போடுகிறார்கள். மாலுமிகள் முன்னணியத்திலும் (முன்புறத்திலும்) நங்கூரம் போடுவதுபோலப் பாசாங்கு செய்து, படகை இறக்கித் தப்பப் பார்க்கிறார்கள். உடனே பவுல், கைதிகளுக்குப் பொறுப்பான ரோமப் படைத்தலைவனாகிய நூற்றுக்கு அதிபதியிடம், ‘இவர்கள் கப்பலில் இல்லாவிட்டால் நீங்கள் பிழைக்கமாட்டீர்கள்’ என்கிறான். ஒருவரும் சாகமாட்டார்கள் என்று சொன்ன அதே வாய்! சேவகர் படகின் கயிற்றை அறுத்துவிடுகிறார்கள். பிறகு சாப்பிட்டு, கோதுமையைக் கடலில் எறிந்து, நீந்தத் தெரிந்தவர்கள் முதலில் குதிக்க, மற்றவர்கள் பலகையைப் பிடித்துக்கொண்டு 276 பேரும் கரையேறுகிறார்கள். தேவன் முடிவை மட்டுமல்ல, அதற்கான வழியையும் குறித்திருந்தார். மாலுமிகளின் திறமை அந்த வழியில் ஒரு பகுதி.

கட்டளை இல்லாமலே முயற்சிப்பது என்ற எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. எண்ணாகமம் 14-இல், தேவன் வாக்களித்த கானான் தேசத்துக்குள் போகமாட்டோம் என்று முரண்டு பிடித்தவர்கள், தண்டனையைக் கேட்டதும் மனம் மாறி, மோசே தடுத்தும் யுத்தம்பண்ண மலையேறிப் போகிறார்கள். தேவன் கூட இருப்பதற்கு அடையாளமான உடன்படிக்கைப் பெட்டி பாளயத்தைவிட்டு நகரவில்லை. அடி வாங்கிச் சிதறுகிறார்கள். முயற்சி குறைவு என்று அவர்களைச் சொல்ல முடியாது.

இனி பிலிப்பியர். 2:12-இல் பிரயாசப்படச் சொல்லும் பவுல் அதற்கான காரணத்தை 2:13-இல் வைக்கிறான்: விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவர் தேவனே. ஆளுக்குப் பாதி என்ற பங்குப் பிரிவினை இங்கே இல்லை. 1 கொரிந்தியர் 15:10-லும் அப்படித்தான். எல்லாரையும்விட அதிகமாய்ப் பிரயாசப்பட்டேன் என்று சொல்லிவிட்டு, நான் அல்ல, தேவகிருபையே என்கிறான்.

ஒரு எச்சரிக்கை: பாவமன்னிப்பைப் பற்றிய வசனத்தை அன்றாட உழைப்புக்கு இழுக்காதீர்கள். எபேசியர் 2:8-9 கிரியைகளை விலக்குவது இரட்சிப்பைச் சம்பாதிக்கும் விஷயத்தில். வேலைசெய்ய மனமில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்று 2 தெசலோனிக்கேயர் 3:10-இல் எழுதியதும் அதே பவுல்தான். பெலாகியு என்ற பழைய காலத்துப் போதகரின் போதனை கி.பி. 418-இல் கர்த்தாகோ நகரில் கூடிய திருச்சபைச் சங்கத்தில் கண்டிக்கப்பட்டதும் உழைக்கச் சொன்னதற்காக அல்ல. கிருபையின் உதவி இல்லாமலே மனிதனால் முடியும் என்றதற்காக.

ஜெபித்துவிட்டுக் காவலும் வைத்தால் அது அவிசுவாசமாகாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எருசலேமின் இடிந்த அலங்கத்தை (மதிலை) நெகேமியாவும் ஜனங்களும் பகைஞர்களின் எதிர்ப்புக்கு நடுவே திரும்பக் கட்டியபோது, நெகேமியா 4:9-இல் ஜெபமும் ஜாமக்காவலும் ஒரே வசனத்தில் இருக்கின்றன. பாதிப்பேர் வேலைசெய்ய, பாதிப்பேர் ஈட்டி பிடித்து நின்றார்கள். அலங்கம் 52 நாளில் முடிந்தது. இது தேவனால் கைகூடியது என்று 6:16-இல் உணர்ந்துகொள்கிறவர்கள் அவர்களுடைய பகைஞர்கள்.