ரோமானிய வரலாற்றுத் தாளை எடுக்கலாமா? கேள்வி பதில்

சென்னையில் ஒரு கல்லூரியில் பதினேழு ஆண்டுகளாக ரோமானிய வரலாற்றை விருப்பப் பாடமாக நடத்தி வருகிறேன். விருப்பப் பாடத்துக்குப் பெயர் கொடுக்கும் நேரம் இது என்பதால், மாணவர்களும் பெற்றோர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: மேடம், அடுத்த பருவத்தில் இந்தத் தாளை எடுக்க நினைக்கிறேன். சீனியர்கள் எல்லோரும் “அரியர் நிச்சயம்” என்று பயமுறுத்துகிறார்கள். அவ்வளவு கடினமா? (பி.ஏ. மாணவி, தாம்பரம்)

கடினம்தான், அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். வாரத்துக்கு ஏறத்தாழ 60 பக்கம் படிக்க வேண்டியிருக்கும். அதில் பாதி, மூல நூல்களின் மொழிபெயர்ப்பு. பருவத்துக்கு மூன்று கட்டுரைகளும் உண்டு. ஆனால் மாணவர்கள் தடுமாறுவது பக்க எண்ணிக்கையால் அல்ல. கி.மு. 509இல் குடியரசு, கி.மு. 264இல் முதல் பியூனிக் போர், கி.மு. 44இல் சீசர் கொலை என்று ஆண்டுகளை மனப்பாடம் செய்து பள்ளியில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள்தான் முதல் மாதத்தில் அதிகம் திணறுகிறார்கள். ஏனென்றால், என்ன நடந்தது என்பதோடு இந்தத் தாள் நிற்பதில்லை; நடந்ததாக யார் சொல்கிறார், அவருக்கு அது எப்படித் தெரியும் என்று தொடர்ந்து கேட்கிறது. கி.மு. 509 என்ற ஆண்டையே பாருங்கள். அந்த நிகழ்ச்சிகளை விரிவாகச் சொல்லும் ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி, ஏறத்தாழ 500 ஆண்டுகள் கழித்து எழுதியவர். அவருடைய வரலாற்றின் 142 பாகங்களில் பெருமளவு முழுமையாக நம் கைக்கு வந்து சேர்ந்தவை 35 மட்டுமே. வாரத்தில் ஆறு மணி நேரம் ஒதுக்க முடியும் என்றால் தயங்காமல் பெயர் கொடுங்கள்.

கேள்வி: லத்தீன் தெரியாமல் இதைப் படிக்க முடியுமா? நான் வணிகவியல் மாணவன். (பெரம்பூர்)

முடியும். என் வகுப்பில் யாருக்கும் லத்தீன் தெரியாது. ஆனால் ஒரு முப்பது லத்தீன் சொற்களையாவது மொழிபெயர்க்காமல் அப்படியே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். காரணத்தை ஓர் எடுத்துக்காட்டோடு சொல்கிறேன்.

ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸ் தம் சாதனைகளைத் தாமே எழுதி வைத்தார். ரோமில் அவருடைய கல்லறை மாடத்தின் முன்னே வெண்கலத்தில் பொறித்து வைத்த மூலம் அழிந்துவிட்டது. இன்றைய அங்காராவில் ஒரு கோயிலின் சுவர்களில் லத்தீனிலும் கிரேக்கத்திலும் வெட்டப்பட்ட படிதான் நமக்குப் பெரிதும் உதவுகிறது. அதன் 34ஆம் பகுதியில், “அவுக்டோரிட்டாஸில் நான் எல்லோரையும் விஞ்சினேன், பொடெஸ்டாஸ் மட்டும் என்னுடன் பதவி வகித்தவர்களைவிட எனக்கு அதிகம் இருக்கவில்லை” என்ற பொருளில் எழுதுகிறார். அவசரமாக மொழிபெயர்த்தால் இரண்டு சொல்லுக்கும் “அதிகாரம்” என்றே வந்து விழும். வாக்கியமே பொருளற்றுப் போய்விடும். பொடெஸ்டாஸ் என்பது பதவி தரும் அதிகாரம்; அவுக்டோரிட்டாஸ் அதுவல்ல.

ஓராண்டு இந்த வாக்கியத்தைத் தமிழில் எழுதச் சொன்னபோது, அவுக்டோரிட்டாஸுக்கு ஒருவர் “செல்வாக்கு” என்றார், ஒருவர் “மதிப்பு” என்றார். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவர், “எங்கள் ஊரில் ஒரு பெரியவர் இருக்கிறார் மேடம். எந்தப் பதவியும் கிடையாது. அவர் பேச ஆரம்பித்தால் பஞ்சாயத்துத் தலைவரே எழுந்து நின்று கேட்பார். அதுதானே?” என்றார். அதேதான். உடனே அவர் பக்கத்தில் இருந்த மாணவி, “அந்தப் பெரியவரிடம் படை இருக்கிறதா?” என்று கேட்டார். வகுப்பு ஒரு கணம் அமைதியாகிவிட்டது. கி.மு. 27இல் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி ஸ்பெயின், கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி), சிரியா போன்ற மாகாணங்கள் அகஸ்டஸின் பொறுப்பில் வந்தன. ரோமின் படைப்பிரிவுகளில் பெரும்பாலானவை அங்கேதான் இருந்தன. அவர் எழுதிய வாக்கியத்தில் பொய் என்று சுட்ட ஒன்றுமில்லாமல் இருக்கலாம். ஆனால் அதில் படையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. இந்தத் தாளில் உங்களுக்குக் கிடைக்கப்போவது இந்த மாதிரியான கணங்கள்தான். அவற்றுக்காகத்தான் நானும் இத்தனை ஆண்டுகளாக இதை நடத்துகிறேன்.

கேள்வி: பெயர்கள் ஒன்றுபோலவே இருக்கின்றன. எத்தனை ஸ்கிப்பியோக்கள்! (முதலாமாண்டு மாணவர், அம்பத்தூர்)

புழக்கத்தில் இருந்த முதற்பெயர்கள் இருபதுக்கும் குறைவு. தந்தை பெயரே மகனுக்கும் வரும். நடுப்பெயர் குலத்தைக் காட்டும், மூன்றாம் பெயர் கிளையைக் காட்டும். மகளுக்குக் குலப்பெயரின் பெண்பால் வடிவமே பெயர். ஆகவேதான் கொர்னேலியுஸ் குலத்து ஸ்கிப்பியோவின் மகள் கொர்னேலியா. நிலச் சீர்திருத்தத்துக்குப் போராடிய கிராக்கஸ் சகோதரர்களின் தாய் அவர். ஒரு பெரிய தாளில் குடும்ப மரம் வரைந்து சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். நம் வீட்டுக் கல்யாணத்தில் யார் யாருக்கு என்ன உறவு என்று புரிந்துகொள்வதுபோல, இரண்டு வாரத்தில் பழகிவிடும்.

கேள்வி: திபேரியஸ் பற்றிய கட்டுரையில் டாசிட்டஸை ஐந்து இடத்தில் மேற்கோள் காட்டினேன். ஆனாலும் 20க்கு 9 மதிப்பெண்தான். என்ன தவறு? (எம்.ஏ. மாணவர், சைதாப்பேட்டை)

மேற்கோள் காட்டியதில் தவறு இல்லை. அவரைச் சாட்சியாக விசாரிக்காமல் விட்டதுதான் தவறாக இருக்கும் என்று நினைக்கிறேன். அகஸ்டஸுக்கு அடுத்த பேரரசரான திபேரியஸ் ஆண்டது கி.பி. 14 முதல் 37 வரை. வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் அதை எழுதியது இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். சினமும் சார்பும் இன்றி எழுதுவதாக அவர் முதலிலேயே வாக்குத் தருகிறார். ஆனால் அவர் ஒரு செனட்டர், அதாவது ரோமின் ஆட்சி மன்ற உறுப்பினர். முதல் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட பேரரசர் டொமிஷியனின் காலத்தில் செனட்டர்கள் அஞ்சி வாழ்ந்ததைக் கண்டவர். அந்த அச்சம் திபேரியஸின் சித்திரத்தில் எவ்வளவு கலந்திருக்கிறது என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டும். அதற்காக அவரைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஐந்து மேற்கோள்களில் மூன்றை எடுத்துவிட்டு, மீதமுள்ள ஒவ்வொன்றின் கீழும் “இது இவருக்கு எப்படித் தெரியும்?” என்று ஒரு பத்தி எழுதிப் பாருங்கள்.

கேள்வி: என் மகன் சிவில் சர்வீஸ் தேர்வுக்குத் தயாராகிறான். இந்தப் பாடம் உதவுமா? (ஒரு தந்தை, அண்ணா நகர்)

நேரடியாக உதவாது, ஐயா. அத்தேர்வின் வரலாறு விருப்பப் பாடத்தில் உலக வரலாறு ஐரோப்பிய அறிவொளிக் காலத்திலிருந்துதான் தொடங்குகிறது. நீண்ட பகுதியைப் படித்துச் சாரத்தைப் பிரித்தெடுக்கும் பயிற்சி கிடைக்கும். அதற்காக மட்டும் இதை எடுக்கச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: சென்னையிலேயே ரோமைப் பார்க்க ஏதாவது இருக்கிறதா, மேடம்? (மாணவி, வேளச்சேரி)

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குப் போங்கள், வெள்ளிக்கிழமை விடுமுறை. அங்கே தமிழகத்தில் கிடைத்த ரோமானிய நாணயங்கள் உள்ளன. நம் பகுதியில் அதிகம் கிடைக்கும் அகஸ்டஸின் வெள்ளி நாணய வகை ஒன்றில், பின்புறம் கேடயமும் ஈட்டியுமாக இரண்டு இளைஞர்கள் நிற்பார்கள். அவர்கள் அகஸ்டஸின் பேரன்கள் காயுஸும் லூசியுஸும். அவர் மகன்களாகத் தத்தெடுத்து வாரிசுகளாக வளர்த்தவர்கள். லூசியுஸ் கி.பி. 2இலும், காயுஸ் கி.பி. 4இலும் இறந்துவிட, அரியணை திபேரியஸுக்குப் போயிற்று. உலகுக்கு அறிவித்து நிறைவேறாமல் போன ஒரு திட்டம், மிளகு வாங்க வந்த காசில் நம் மண்ணுக்குள் கிடந்திருக்கிறது.

“பொன்னொடு வந்து கறியொடு பெயரும்” (பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும்) என்று அகநானூறு முசிறியில் யவனர் கலங்களைப் பாடுகிறது. அதே வாணிபத்தால் ஆண்டுக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) இந்தியாவுக்குப் போய்விடுகிறது என்று முதல் நூற்றாண்டு ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி வருந்துகிறார். ஆனால் பிளினி ஆடம்பரத்தைக் கண்டித்து எழுதுபவர் என்பதை மறக்கக் கூடாது. வியன்னாவில் உள்ள ஒரு பாப்பிரஸில் (நாணல் தாள் ஆவணத்தில்) முசிறி வாணிபத்துக்கான கடன் ஒப்பந்தமும், ஹெர்மபோல்லோன் என்ற கப்பலில் வந்த சரக்கின் கணக்கும் இருக்கின்றன. கணக்கு எழுதியவர்களுக்கு வருத்தப்பட வேண்டிய தேவை எதுவும் இல்லை. புலவர், கண்டிப்பவர், கணக்கர் என்று மூன்று சாட்சிகள். என் வகுப்பில் முதல் கட்டுரைத் தலைப்பு எப்போதும் இதுதான்.

கேள்வி: போன பருவத்தில் அரியர் விழுந்துவிட்டது. மறுபடியும் எழுத வேண்டும். எங்கே தொடங்குவது? (மாணவர், திருவொற்றியூர்)

பாடநூலை இப்போதைக்கு மூடி வையுங்கள். நான் மேலே சொன்ன அகஸ்டஸின் சாதனைப் பட்டியலில் மொத்தம் 35 சிறு பகுதிகள்தான். ஒரே மதியத்தில் படித்து முடிக்கலாம். மறுநாள் டாசிட்டஸின் ஆண்டுக்குறிப்புகளில் முதல் நூலின் 9, 10ஆம் பகுதிகளை எடுங்கள். அகஸ்டஸ் இறந்ததும் ரோமில் அவரைப் புகழ்ந்தவர்கள் சொன்னதையும் பழித்தவர்கள் சொன்னதையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறார். இரண்டையும் மேசையில் அருகருகே விரித்து, ஒரே நிகழ்ச்சியைப் பேசும் வரிகளுக்குக் கோடு போடுங்கள். எனக்கு அனுப்பினால் படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.