கொலை வழக்கில் 17 வயது மகன்: தண்டனை எங்கே முடிவாகிறது?

கேள்வி: என் மகனுக்கு 17 வயது. ஒரு கொலை வழக்கில் பெரியவர்களோடு சேர்த்து அவனையும் பிடித்திருக்கிறார்கள். தூக்கு, ஆயுள் என்று ஆளாளுக்குப் பயமுறுத்துகிறார்கள். நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: சம்பவம் நடந்த நாளில் 18 வயது நிறையாதவருக்குத் தூக்குத் தண்டனை கிடையாது அம்மா. விடுதலைக்கு வழியே இல்லாத ஆயுள் தண்டனையும் கிடையாது. 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 21ஆம் பிரிவு இரண்டையும் தடுக்கிறது. பெரியவர்களோடு சேர்த்து அவனை விசாரிக்கவும் முடியாது.

முதல் வேலை, வயதை நிரூபிப்பது. பள்ளியின் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழைக் கொடுங்கள். அவை இல்லையென்றால் உள்ளாட்சி அமைப்பின் பிறப்புச் சான்றிதழ். அதுவும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. ஆதார் அட்டை இந்தப் பட்டியலிலேயே இல்லை. அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

16 வயதுக்குக் கீழ் என்றால் அதிகபட்சம் மூன்று ஆண்டு, சிறாரை வைத்துத் திருத்தும் சிறப்பு இல்லம், அவ்வளவுதான். 16 முதல் 18 வரை உள்ளவர்களுக்குத்தான் சிக்கல். கொலை கொடிய குற்றம் என்பதால், சிறார் வழக்குகளைக் கவனிக்கும் இளைஞர் நீதிக் குழுமம் அதே சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி முதற்கட்ட மதிப்பீடு செய்யும். குற்றம் செய்தானா என்பதை அங்கே பார்ப்பதில்லை. அதைச் செய்யும் உடல், மன வலு இருந்ததா, விளைவு புரிந்ததா, எந்தச் சூழலில் நடந்தது என்றே பார்ப்பார்கள். பல வக்கீல்கள் இங்கே "பையன் நிரபராதி" என்று மட்டும் வாதாடிவிட்டு, இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லாமல் நிற்கிறார்கள். பெரியவராகக் கருதி விசாரிக்கலாம் என்று குழுமம் முடிவெடுத்தால் வழக்கு குழந்தைகள் நீதிமன்றத்துக்குப் போய்விடும். மூன்று ஆண்டு வரம்பும் போய்விடும். நீதிமன்றமும் அதை ஏற்றுத் தண்டித்தால் 21 வயதுவரை சிறையில் அல்லாமல் ‘பாதுகாப்பு இடம்’ எனப்படும் தனி நிறுவனத்தில் வைப்பார்கள். பிறகு அவன் திருந்தியிருக்கிறானா என்று மதிப்பிட்டு, விடுவிப்பதா, மீதிக் காலத்துக்குச் சிறைக்கு அனுப்புவதா என்று தீர்மானிப்பார்கள்.

ஆகவே மதிப்பீட்டுக்கு முன்பே பள்ளிப் பதிவேடு, கற்றல் குறைபாடு அல்லது மனநலச் சிகிச்சை இருந்திருந்தால் அதன் ஆவணங்கள் எல்லாவற்றையும் திரட்டுங்கள். நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வரும்போது எதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் எழுதும் சமூக விசாரணை அறிக்கை குழுமத்தின் கைக்குப் போகிறது. குழுமத்தில் உளவியல் படித்தவர் யாரும் இல்லையென்றால் நிபுணர் உதவி பெறுவது கட்டாயம் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதைக் காட்டி எழுத்துமூலம் மனு கொடுங்கள். அறிக்கைகளின் சாரத்தையும் கேளுங்கள். உத்தரவு பாதகமாக வந்தால் 30 நாளுக்குள் அமர்வு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும்.

கொலை வழக்கானாலும் குழுமத்தில் ஜாமீன் கேட்கலாம். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இன்றே மனு கொடுங்கள், கட்டணம் இல்லை.