பட்டாவா, வானா, கெப்பா? முதலில் அடகுச் சீட்டை எடுத்துப் பாருங்கள்

கேள்வி (சுருக்கம்): ஐயா, நான் மல்லாவியில் இருக்கிறேன். வவுனிக்குளத்தின் கீழ் மூன்று ஏக்கர் வயலும் இரண்டு ஏக்கர் மேட்டுக் காணியும் உண்டு. அயலவர்களின் மரக்கறியையும் சேர்த்து, ஆண்டில் ஏழு மாதம், வாரம் மூன்று நாள் கிளிநொச்சிச் சந்தைக்கு ஏற்றுகிறேன். ஒரு நடைக்கு 500, 600 கிலோ. வாடகை 6,500 ரூபா. சொந்த வாகனம் எடுக்க விருப்பம். பழைய டாட்டா பட்டா (சிறு லொறி) 20 இலட்சம், சுசுகி எவ்ரி வான் 50 இலட்சம், பழைய டபுள் கெப் 90 இலட்சம் சொல்கிறார்கள். கெப் எடுத்தால் 25 இலட்சம் முற்பணம் தருவதாகக் கனடாவிலுள்ள மனைவியின் தம்பி சொல்கிறார். நல்லூர்த் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு வரும்போது அவர்களுக்கும் உதவுமாம். பட்டா என்றால், வங்கி வைப்பிலுள்ள 4 இலட்சத்தோடு, அடகிலிருக்கும் மனைவியின் எட்டுப் பவுணில் இன்னும் 6 இலட்சம் கூட்டி எடுக்கலாம். ஏற்கெனவே அதில் 6 இலட்சம் எடுத்திருக்கிறேன். நெல் விற்காத மாதங்களில் லான்ட்மாஸ்டர் (இரு சக்கர உழவு இயந்திரம்) லீசிங் காசு மாதம் 22,000 ரூபாவை அப்படித்தான் கட்டி வருகிறேன். எதை எடுக்கலாம்?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

மூன்று வாகனங்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிய நீங்கள், அடகைப் பற்றிக் கடைசியில் மூன்று வரிதான் எழுதியிருக்கிறீர்கள். என் கவலை முழுவதும் அந்த மூன்று வரியில் இருக்கிறது.

வாகனத்தை முதலில் முடித்துவிடுகிறேன். எவ்ரி ஜப்பானின் 660 சிசி சிறு வாகன வகையைச் சேர்ந்தது. அந்த வகைக்கு ஏற்றும் எல்லை 350 கிலோ. பூசணியும் கத்தரியும் 600 கிலோ ஏற்றி மல்லாவிக் கிரவல் வீதியில் ஓட்டினால் ஒரு மழைக்காலம் தாங்காது. டாட்டா ஏஸ், நாம் பட்டா என்று சொல்லும் அது, 702 சிசி இரண்டு சிலிண்டர் டீசல் இயந்திரத்தோடு முக்கால் தொன் எடைக்காகவே செய்யப்பட்டது. மேடு இல்லாத வன்னிக்கு அது போதும். உங்கள் தொழிலுக்குப் பட்டாதான். கெப் உங்கள் மைத்துனரின் தேவை.

ஆனால் அந்தப் பட்டாவும் இப்போது வேண்டாம். கணக்கைப் பாருங்கள்.

மாதம் 13 நடை, ஏழு மாதம். இப்போது கொடுக்கும் வாடகை ஆண்டுக்கு ஏறக்குறைய 5.9 இலட்சம். சொந்தப் பட்டாவில் ஒரு நடை போய்வர நூறு கிலோமீற்றர் என்றால் ஏழு லீற்றர் டீசல். லீற்றர் 300 ரூபா என்று வைத்தால் ஆண்டுக்கு 1.9 இலட்சம். ரயர், பற்றரி, திருத்த வேலை, காப்புறுதி, வரிப் பத்திரம் எல்லாம் சேர்த்து 1.5 இலட்சம் போடுகிறேன். பழைய வாகனத்துக்கு அதற்குக் குறைத்துப் போட எனக்கு மனம் வரவில்லை. மிச்சம் 2.5 இலட்சம். பட்டா விலையில் முற்பணம் போக மீதிப் பத்து இலட்சத்தை 15 வீத வட்டியில் நான்கு ஆண்டு லீசிங் எடுத்தால் மாதம் 28,000, ஆண்டுக்கு 3.36 இலட்சம். இங்கேயே 86,000 ரூபா துண்டு விழுகிறது. முற்பணத்துக்காகக் கூட்டி எடுக்கப்போகும் 6 இலட்சத்துக்கு, நீங்கள் எழுதியிருக்கும் 15 வீதப்படி, இன்னும் 90,000. இந்த ஒன்றே முக்கால் இலட்சத்தை எங்கிருந்து கட்டுவீர்கள்? அதற்கும் நகையைத்தான் கொண்டுபோவீர்கள்.

உங்களைத் தின்றுகொண்டிருப்பது இந்தப் பழக்கம்தான். தங்கம் விலை ஏறியதும் சீட்டைக் கொண்டுபோகிறீர்கள். அதே நகையை மறுபடி நிறுத்துப் பார்த்து, கூடுதல் பணம் தருகிறார்கள். வட்டியைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கையில் வாங்கும்போது வருமானம் வந்தது போல இருக்கும். மூன்று ஆண்டாக நகை வீட்டுக்குத் திரும்பவில்லை, கடந்த மாசியில் தாலிக்கொடியும் போய்விட்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். லீசிங்காரர் ஆண்டில் பன்னிரண்டு தடவை கேட்கிறார். வயல் இரண்டு தடவைதான் தருகிறது. குளத்தில் தண்ணீர் குறைந்த ஆண்டில், பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் கோடையில் செய்யும் சிறுபோகத்தின் பங்கைக் குறைத்துவிட்டால் அதுவும் ஒரு தடவைதான். இடையிலுள்ள பள்ளத்தை உங்கள் மனைவியின் நகையால் நிரப்பி வருகிறீர்கள்.

இதற்கிடையில் 4 இலட்சம் வங்கியில் கிடக்கிறது. அது 8 வீதம் தந்தால் ஆண்டுக்கு 32,000 வரும். அதே 4 இலட்சத்துக்கு அடகில் 60,000 கட்டுகிறீர்கள். ஆண்டுக்கு 28,000 ரூபா சும்மா போகிறது. வைப்பு முதிர்கிற அன்றே எடுத்து, தாலிக்கொடியை முதலில் மீட்டுவிடுங்கள். மிச்சம் 2 இலட்சத்தைக் மாரியில் செய்யும் காலபோக நெல் விற்ற காசில் முடியுங்கள். லான்ட்மாஸ்டருக்கு இன்னும் பத்து மாதம் இருக்கிறது. நெல் விற்கும் வாரத்திலேயே ஆறு மாதத் தவணையை, 1.32 இலட்சத்தை, தனிப் புத்தகத்தில் போட்டுவிட்டு மிச்சத்தில் வீட்டுச் செலவைப் பாருங்கள். அறுவடைக் காலத்தில் கூட்டிக் கட்டி மற்ற மாதங்களில் குறைத்துக் கட்ட இடம் தருவார்களா என்று லீசிங் நிறுவனத்தையும் கேளுங்கள். கேட்காமல் யாரும் தரமாட்டார்கள்.

பிறகு பட்டா. லீசிங் கடன் ஐந்து இலட்சத்தைத் தாண்டக்கூடாது. மூன்று ஆண்டுக்கு மாதம் 17,500 ரூபா வரும். வாடகையில் மிச்சப்படும் 2.5 இலட்சத்துக்குள் அது அடங்கும். மிச்ச விலையைச் சேமிக்கும்வரை பல போகம் பொறுக்க வேண்டியிருக்கலாம். பொறுத்தால் விலை ஏறிவிடும் என்று விற்பவர் அவசரப்படுத்துவார். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்தாயிற்று; அந்த அவசரத்துக்கு இப்போது காரணம் இல்லை. முற்பணமே இல்லாத லீசிங், கைபேசியில் பத்து நிமிடத்தில் கடன் என்று வருகிற எதற்கும் கையெழுத்து வைக்காதீர்கள். போருக்குப் பிறகு நுண்கடன் எங்கள் ஊர்ப் பெண்களை என்ன பாடு படுத்தியது என்பதை நீங்களும் பார்த்தீர்கள். வேறொருவருடைய லீசிங்கை வாய்ப்பேச்சில் பொறுப்பெடுக்கவும் வேண்டாம். பதிவுப் புத்தகத்தில் முழு உரிமை லீசிங் நிறுவனத்துக்கு, பதிவு உரிமையாளர் பெயர் லீசிங் எடுத்தவருக்கு. கட்டிய காசுக்கு உங்களிடம் ஒரு துண்டும் இருக்காது.

பட்டா பார்க்கப் போகும்போது ஒரு ஸ்க்ரூ டிரைவர் கொண்டுபோங்கள். முல்லைத்தீவுக் கரையில் மீன் ஏற்றிய வாகனமானால், ஐஸ் கரைந்த உப்புத் தண்ணீர் ஆண்டுக்கணக்காகப் பெட்டிக்குக் கீழே ஒழுகியிருக்கும். மேலே புதுப் பெயின்ற் மின்னும். கீழே சட்டத்தைக் குத்தினால் துரு கொட்டும். கொட்டினால் வந்துவிடுங்கள்.

மைத்துனர் விடயம். 90 இலட்சக் கெப்புக்கு அவர் 25 தந்தாலும் மிச்சம் 65 இலட்சத்துக்கு ஐந்து ஆண்டு, மாதம் ஒன்றரை இலட்சத்துக்கு மேல் நீங்கள்தான் கட்ட வேண்டும். அவர் வந்து நிற்கும் இரண்டு கிழமைக்கு, நாளுக்கு 15,000 ரூபாவில் வான் பிடித்தாலும் 2.1 இலட்சம்தான், கெப்பின் இரண்டு மாதத் தவணைக்கும் குறைவு. இதை அவரிடம் சொல்ல உங்களுக்குக் கூச்சமாக இருக்கும். அக்காவே தொலைபேசியில் சொல்லட்டும். அடகுச் சீட்டைப் படமெடுத்து அவருக்கு அனுப்புங்கள். கெப்புக்கு 25 இலட்சம் தர மனமுள்ள தம்பியிடம், அக்காவின் நகையை மீட்க மிச்சம் 2 இலட்சத்தை வட்டியில்லாக் கைமாற்றாகக் கேட்கலாம்; நெல் விற்றதும் திருப்பிக் கொடுத்துவிடலாம்.